கப்பல் வந்த புதன்கிழமை

கப்பல் கரைக்கு வருகிற நாளிலேயே விமானம் ஏறி வீட்டுக்கு வந்துவிட முடியுமா?

கமலவேணி அக்கா எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போதுதான் பள்ளிக் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வு எழுதிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். கடல் என்றால் செர்காம் கரையில் மீன்படகு பார்த்ததோடு சரி. "தெரியலக்கா" என்றேன். பதில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னதை அக்கா கேட்கவில்லை. அதனால் என்ன ஆனது என்று அக்காவே பிறகு என்னிடம் சொன்னார். எங்கள் ரப்பர்த் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றார். நடந்தது 1996இல், மலேசியாவின் மலாக்காவில்.

கமலவேணி பதினைந்து வயதில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போனவள். இருபத்திரண்டு வருடம் வெட்டினாள். தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கி மரங்களைச் சாய்த்த பிறகு, செங் என்ற ஊரில் மின்சாமான் தொழிற்சாலையில் சேர்ந்தாள். காலையில் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டும்போது கொண்டுவந்து விடும். கணவன் அப்புசாமி லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் லாரி கவிழ்ந்து வலது காலில் இரும்புக் கம்பி வைத்தார்கள். அதிலிருந்து கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். ஒரு படி ஏறினால் இரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்குவார். மகன் விமலன் கோலாலம்பூரில் வேலை பார்த்தான்.

அந்த வருடம் தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில் குலுக்கல் நடந்தது. முதல் பரிசு, சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் இரண்டு பேருக்கு நான்கு நாள் பயணம். போகும்போது பஸ். திரும்பும்போது சிங்கப்பூரிலிருந்து மலாக்காவில் உள்ள பத்து பெரண்டாம் விமான நிலையத்துக்குச் சின்ன விமானம். எல்லாம் பரிசிலேயே அடக்கம். மேடையில் கமலவேணியின் எண்ணை மூன்று தடவை வாசித்தார்கள். மூன்றாவது தடவைதான் பக்கத்தில் இருந்தவள் இடித்து எழுப்பிவிட்டாள்.

பரிசு உறையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்புசாமி ஒன்றுதான் கேட்டார்.

"அந்தக் கப்பல்ல லிப்டு இருக்கா?"

"இருக்காம்."

"அப்ப போவோம்."

இரண்டு வருடமாக ஆஸ்பத்திரியைத் தவிர எங்கேயும் போகாத மனிதர். அந்த ஒரு வார்த்தைக்காகவே போக வேண்டும் என்று கமலவேணி முடிவு செய்தாள்.

இரண்டு வாரம் கழித்துத் தோட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த நாற்பது குடும்பங்களுக்கும் புது அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு. ஐந்து தளம், தளத்துக்கு எட்டு வீடு, லிப்டு கிடையாது. யாருக்கு எந்த வீடு என்பதை அவரவரே வந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தோட்டத்தில் அதிக வருடம் உழைத்தவருக்கு முதல் உரிமை. கமலவேணியின் பெயர் மூன்றாவதாக இருந்தது.

அதாவது கீழ்த்தளம் நிச்சயம். அப்புசாமி கம்பை ஊன்றி வாசலுக்கு வரலாம், சாலையைப் பார்க்கலாம், கடைக்குப் போகலாம். கடிதத்தை மடித்துச் சாமி படத்தின் பின்னால் வைத்தாள்.

கிராணி தங்கையா இன்னும் ஒன்று சொல்லி அனுப்பினார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. மரம் போன பிறகும் அவர் நாற்காலி போகவில்லை.

"புதன்கிழமை மூணு மணிக்குப் பேரு கூப்பிடுவோம். பேரு உள்ள ஆளே அடையாளக் கார்டு, கடுதாசி ரெண்டும் எடுத்துக்கிட்டு நேர்ல நிக்கணும். புருசன், மகன், தம்பி யாரும் செல்லாது. ஆளு இல்லன்னா பேரு கடைசிக்குப் போயிரும். சொல்லலன்னு சொல்லக் கூடாது."

புதன்கிழமை. கப்பல் கரைக்கு வருகிறதும் அதே புதன்கிழமைதான்.

கமலவேணி பயப்படவில்லை. கப்பல் காலை எட்டு மணிக்கு வருகிறது, கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. நடுவில் ஏழு மணி நேரம். விமானமோ முக்கால் மணி நேரம்தான் பறக்கும். பரிசு விமானத்துக்கு நேரம் குறிக்க மலாக்கா டவுனில் இருந்த பயண முகவர் கடைக்குப் போனாள். அங்கே டிக்கெட் போடுகிற ஷங்கர் நல்ல பையன். வாயும் கொஞ்சம் நீளம்.

"அக்கா, ரெண்டு பிளைட்டு இருக்கு. ஒன்பது ஐம்பது, பன்னெண்டு நாற்பது. நீங்க பன்னெண்டு நாற்பது எடுங்க. கப்பல் வர்ற அன்னிக்குக் காலையில பிளைட்டு வச்சிக்கவே கூடாது."

"புதன்கிழமை பன்னெண்டுலேருந்து ஒன்றரை ராகு காலம், தம்பி."

"அதுக்கு?"

"வீடு எடுக்கப் போற பயணம்லா. ராகு காலத்துல ஏறச் சொல்றியா?"

ஷங்கர் மேசையில் கிடந்த நாள்காட்டியைத் திருப்பிப் பார்த்தான்.

"ஏழரைலேருந்து ஒன்பது எமகண்டம்னு போட்டிருக்கு. கப்பல் எட்டு மணிக்குத்தான் வருது. கப்பல்காரன்கிட்ட போயி, ஐயா ஒன்பது மணிக்கு மேல நிறுத்துங்கன்னு சொல்வீங்களா?"

"கப்பலு நம்ம கையில இல்ல. டிக்கெட்டு நம்ம கையில இருக்கு. ஒன்பது ஐம்பதே போடு."

"அக்கா, கப்பலு பஸ் மாதிரி இல்ல. நின்னதும் குதிச்சிற முடியாது."

"எட்டு மணிக்கு நின்னா எட்டேகாலுக்கு இறங்கிற மாட்டோமா? என்னா தம்பி நீ, ஒன்றரை மணி நேரம் இருக்கு."

ஷங்கர் ஒன்பது ஐம்பதுக்கே போட்டுக் கொடுத்தான்.

பயணம் நன்றாகத்தான் இருந்தது. அப்புசாமி மேல்தளத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடியே மூன்று நாளைக் கழித்தார். வெயிலில் முகம் கறுத்து, பத்து வயது குறைந்தவர் போலிருந்தார். பரிசுக்காரர்களுக்குக் கொடுத்த அறை அடித்தளத்தில், ஜன்னல் இல்லாமல் இருந்தது. அதைப் பற்றி இருவருக்கும் குறையில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஒரு தாளும் பழுப்பு நிற அட்டைகள் சிலவும் அறைக்கு வந்தன. பெட்டியில் ஓர் அட்டையைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும், பெட்டி கரையில் கிடைக்கும் என்று தாளில் இருந்தது. கமலவேணி அப்படியே செய்தாள். சேலைகள், அப்புசாமியின் மாத்திரை, எல்லாவற்றுக்கும் அடியில் பத்திரமாக அந்தக் கடிதம். பெட்டியைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே குளித்து, பொட்டு வைத்து, இருவரும் மேல்தளத்துக்குப் போனார்கள். சிங்கப்பூர்க் கட்டடங்கள் தெரிந்தன. கப்பல் அசையவில்லை.

எட்டு மணிக்கும் அசையவில்லை. துறையில் வேறொரு கப்பல் நிற்கிறது, அது நகர்ந்தால்தான் நமக்கு இடம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கரை கண்ணுக்கு எதிரே இருக்கிறது. ஆட்கள் நடப்பது தெரிகிறது. இறங்க வழியில்லை.

"நின்னுக்கிட்டே இருக்குதுங்க."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் அப்புசாமி.

எட்டு ஐம்பதுக்குக் கப்பல் கரையைத் தொட்டது. கமலவேணி கணவனின் கையைப் பிடித்து அவசரமாக வாசலுக்கு அழைத்துப் போனாள். அங்கே நின்ற பணியாள் அவள் கையில் இருந்த அட்டையைப் பார்த்துத் தலையாட்டினான். முதலில் இறங்குவது தங்க நிற அட்டைக்காரர்கள். பிறகு வெள்ளி, நீலம், பச்சை, மஞ்சள். கடைசியில்தான் பழுப்பு. அடித்தளத்து அறைகளுக்கெல்லாம் பழுப்பு. பாஸ்போர்ட்டும் அந்த வரிசைப்படிதான் திரும்பக் கிடைக்கும்.

"எங்களுக்கு ஒன்பது ஐம்பதுக்கு பிளைட்டு" என்று தமிழில் சொன்னாள், பிறகு மலாயில் சொன்னாள், கடைசியாக விரலால் மணியைக் காட்டினாள். அவன் பாவம், நல்லவன்தான். பெரியவரைப் போய்க் கேட்டுவந்து பாஸ்போர்ட்டை முன்னதாகவே வாங்கிக் கொடுத்தான். "பெட்டி இல்லாமல் போவதென்றால் இப்போதே போகலாம்" என்றான்.

பெட்டிக்குள் கடிதம் இருக்கிறது.

முந்தானையில் முடிந்த சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பழுப்பு அட்டைப் பெட்டிகள் கரைக்கு வந்து சேரும்போது ஒன்பதே முக்கால்.

சாங்கி விமான நிலையத்தில் கால் வைத்தபோது பத்தரை. அவர்களுடைய விமானம் போய்விட்டது. முகப்பில் இருந்த பெண் தமிழ்ப் பெண்தான். பெயர்ப்பட்டையில் அகல்யா என்றிருந்தது.

"பன்னெண்டு நாற்பது ஃபுல்லும்மா. சின்ன பிளேனு. யாராச்சும் வரலன்னா கொடுப்போம்."

"ராகு காலமா இருந்தாலும் பரவால்லம்மா. ஒரே ஒரு சீட்டு போதும். என்னை மட்டும் ஏத்திவிடும்மா."

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்திருக்கும்? "வெயிட் பண்ணுங்கம்மா, பாக்கலாம்" என்றாள்.

காத்திருந்தார்கள். இது இன்னொரு தவறு. பத்தரைக்கே டாக்சி பிடித்திருந்தால் சாலை வழியே மூன்று மணிக்குள் வந்திருக்கலாம். ஒரு மாதத்துக்கு முன்பு, இந்த நேரத்தில் ஏற மாட்டேன் என்று எந்த விமானத்தைத் தள்ளினாளோ, அதே விமானத்தில் ஓர் இடம் கிடைக்காதா என்று இரண்டு மணி நேரம் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு இருபதுக்குக் கடைசி ஆள் மூச்சு வாங்க ஓடிவந்து ஏறினான். வராதவர் ஒருவரும் இல்லை.

டாக்சி. மலேசியாவுக்குள் நுழையும் எல்லைப் பாலத்தில் நீண்ட வரிசை. ஜொகூர் பாருவில் இறங்கியதும் கமலவேணி பொதுத் தொலைபேசியைத் தேடி ஓடினாள். அப்போது மணி இரண்டு.

"எங்க இருக்க?" என்று தங்கையா கத்தினார்.

"ஜேபியில, கிராணி. அவரு காலு... உங்களுக்குத் தெரியும்லா. கொஞ்சம் நிறுத்தி வைங்க."

"மூணரை வரைக்கும் இழுத்துப் பாக்குறேன். அதுக்கு மேல ஹவுசிங்காரன் ஒத்துக்க மாட்டான். சீக்கிரம் வா" என்றார்.

தங்கையா சொன்னபடி இழுத்தார். எல்லோருக்கும் தேநீர் கொடுக்கச் சொன்னார். கோயில் தலைவர் ரங்கசாமியை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். ரங்கசாமி மைக்கைப் பிடித்தால் விளக்கை அணைத்துத்தான் இறக்க வேண்டும். அன்றைக்கென்று பத்தே நிமிடத்தில் நன்றி சொல்லிவிட்டார். "இன்னுங் கொஞ்சம் பேசுங்க தலைவரே" என்று தங்கையா கெஞ்சினாராம். "என்னாய்யா, என்னிக்குமே முடி முடின்னுதானே சொல்லுவ?" என்று ரங்கசாமி முழித்தாராம். மூன்றரைக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். மூன்றாவது பெயரைத் தங்கையா மூன்று தடவை கூப்பிட்டார். நிறுவனத்து அதிகாரி அந்தப் பெயரைக் கோடு போட்டுக் கீழே எழுதினார்.

ஆயர் குரோவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போது மணி நாலு தாண்டிவிட்டது. தோட்டத்து மண்டபத்துக்கு முன்னால் டாக்சி நின்றபோது ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கமலவேணி பெட்டியை நடுச்சாலையிலேயே திறந்து, சேலைகளை வாரி வெளியே போட்டுவிட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சுவரில் வீடுகளின் வரைபடம் தொங்கியது. ஐந்து வரிசைக் கட்டங்கள். கீழ் வரிசை எட்டிலும் பெயர் இருந்தது. அடுத்த வரிசையிலும், அதற்கடுத்த வரிசையிலும், அதற்கு மேலும் இருந்தது. உச்சி வரிசையில் மூலையில் ஒரே ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது.

"இதா?" என்றாள்.

தங்கையா பேனாவை நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்காவது பெயர் சாமிக்கண்ணுவுடையது. அவர்தான் கீழே சாலையோரத்து வீட்டை எடுத்திருந்தார். அவர் வாசலில் நின்று, "நான் என்னா செய்ய கமலா, எம் மகளுக்கு மூணு கைப்புள்ள" என்றார். அவர்மேல் குற்றமில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அழுகை வரவில்லை. இப்படியும் நடக்குமா என்கிற திகைப்புதான் இருந்தது. ஒரு நாளில் எத்தனை கதவுதான் மூடிக்கொள்ளும்?

வெளியே அப்புசாமி கம்பை ஊன்றியபடி, ரோட்டில் கிடந்த சேலைகளை ஒரு கையால் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனாவது மாடி?"

"நாலு."

அவர் கையில் இருந்த சேலையை மடித்து முடித்தார். "படி எத்தனை இருக்கும்?" என்றார்.

அறுபத்து நான்கு. குடிபோன அன்றைக்கு அவரே எண்ணினார். விமலனும் இன்னொருவரும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு மட்டும் கீழே வருகிறார். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து நகர்ந்து வருகிறார். மற்ற நாளெல்லாம் மேலேதான். வீடு மாற்றித் தரும்படி அக்கா மூன்று மனு எழுதினார். ஒன்றுக்குப் பதில் வந்தது, பார்க்கிறோம் என்று.

ஊரில் சிலர், ராகு காலம் பார்த்ததால்தான் வீடு போச்சு என்று சிரிக்கிறார்கள். வேறு சிலர், எமகண்டத்தில் வந்த கப்பலில் இருந்தவளுக்கு வேறென்ன நடக்கும் என்கிறார்கள். அக்காவிடம் கேட்டேன்.

"ரெண்டும் இல்ல. ஷங்கர் தம்பி தெரிஞ்ச வேலையைச் சொல்லுச்சு. நான் காலண்டரக் கேட்டேன். காலண்டருக்குக் கப்பலப் பத்தி என்னா தெரியும்?"

இப்போதெல்லாம் சிங்கப்பூருக்குப் போய்க் கப்பல் ஏறுகிறவர்கள் நம்மிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கப்பல் எட்டு மணிக்கு வரும் என்றால் நீங்கள் எட்டு மணிக்கு இறங்குவீர்கள் என்று அர்த்தமில்லை. காலை விமானத்தை எடுக்காதீர்கள். உங்கள் வாழ்க்கையை மாற்றக்கூடிய எதையும் அந்த நாளில் வைக்காதீர்கள். முக்கியமான தாளைப் பெட்டியில் போட்டு வெளியே அனுப்பாதீர்கள். இதைப் படித்தவர்கள், பயணம் போகிற ஒருவரிடமாவது கமலவேணி அக்காவின் கதையைச் சொல்லுங்கள். அவர் பெயரைச் சொல்லியே சொல்லலாம். அக்கா அனுமதி கொடுத்திருக்கிறார்.