அப்பாவுக்குப் பதில் பெரியப்பா

சிங்கப்பூரில் இருந்த அப்பா ஊரில் செய்ய வேண்டியதையெல்லாம் மேலூரில் பெரியப்பாதான் செய்தார். நிலம் வாங்கினார், வீட்டு வரி கட்டினார், என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். கையில் அப்பா எழுதிக்கொடுத்த பவர் பத்திரம் இருந்ததால் அவருக்கு எதிலும் தயக்கமே கிடையாது. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கையில் அம்மாவிடமிருந்து விவாகரத்துக் கேட்டு அப்பா வழக்குப் போட்டார். அதற்கும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பெரியப்பாவே கிளம்பினார். மதுரைக் குடும்பநல நீதிமன்றத்துக்கு அவர், அம்மா, நான் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம்.

முதலில் சமரசம் பேசிப் பாருங்கள் என்று நீதிபதி ஓர் அறைக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் ஆலோசகர், "மனசு விட்டுப் பேசுங்க" என்றார். வந்தது வினை. எங்கள் குடும்பத்தில் புருஷனின் அண்ணனோடு பெண்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை; எதுவானாலும் குழந்தையிடம்தான் சொல்லியனுப்புவார்கள். பெரியப்பா மின்விசிறியைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள். நடுவில் நான்.

"பாப்பா, ஒங்கம்மாவுக்குச் சம்மதமான்னு கேளு."

"ஒங்கப்பா நேர்ல வந்து என் மொகத்தப் பாத்துச் சொன்னா ஒடனே கையெழுத்துப் போடுறேன்னு பெரியப்பாட்டச் சொல்லு."

இரண்டையும் ஒரு சொல் சிந்தாமல் ஒப்பித்தேன். ஆலோசகர் தலையில் கைவைத்துக்கொண்டு, "இவங்ககிட்ட அப்பிடி என்னதான் கொறை?" என்று பெரியப்பாவைக் கேட்டார்.

பெரியப்பாவுக்குப் பொய் வராது. "ஒரு கொறையும் இல்லம்மா. தம்பி கேக்கச் சொன்னான், கேட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். சமரசப் பேச்சுக்குப் பவர் பத்திரம் உதவாது, புருஷனே நேரில் வர வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எத்தனையோ தீபாவளிக்கு வராத அப்பாவை அம்மா ஒரே பேச்சில் வரவழைத்துவிட்டாளே! வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

அப்பா வந்தார். நீதிபதி கேட்டதும் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னயப் பாக்காதடா. அங்க பாத்துச் சொல்லு" என்றார் பெரியப்பா.

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்து, "சேந்து வாழ இஷ்டமில்ல" என்றார். அம்மா கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் விம்மி விம்மி அழுதேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே வந்தவள், ஒத்தக்கடை தாண்டுவதற்குள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவ்வளவு பாடுபட்டு வரவழைத்த அப்பாவை அங்கேயே விட்டுவிட்டு எப்படி இவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.