இன்னொரு பதா ஆடு நைனா

குழந்தை சொல்லாத ஒன்றை அவள் குரலே சொன்னால், அதைச் சொன்னது யார்? எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாங்கள் திருவொற்றியூரில் இருக்கிறோம். கணவர் எண்ணூர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். தடவை என்பதை எங்கள் பக்கத்தில் 'தபா' என்போம்; எங்கள் நாலு வயது மகளுக்கு அது சொல்ல வராது, 'பதா' என்பாள். "இன்னொரு பதா தூக்கு நைனா" என்று அவள் அப்பாவிடம் கொஞ்சியதை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டேன். நிறையப் பேர் ரசித்தார்கள். எனக்கும் பெருமைதான்.

போன வாரம் அவர் செல்போனில் பாட்டு கேட்கும்போது நடுவே ஒரு சூதாட்ட விளம்பரம் வந்தது. "இன்னொரு பதா ஆடு நைனா." அதே குரல், அதே மழலை. சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து, "நான் எப்போம்மா அப்டி சொன்னேன்?" என்றாள்.

தெரிந்த வக்கீலிடம் ஓடினேன்.

"கம்ப்யூட்டர்ல குரலை நகல் எடுத்திருக்காங்கம்மா. புகார் குடுக்கலாம். ஆனா கேஸ் முடியிற வரைக்கும் அந்த வீடியோ போட்ட தேதியோட அங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா, போன்ல நகல் வச்சிருந்தாலும், விளம்பரத்தைப் பார்த்து நீங்கதான் குழந்தைக்கு 'பதா'ன்னு சொல்லிக்குடுத்தீங்கன்னுவாங்க. அந்த 'பதா'தான் உங்க சாட்சி."

கணவர் கத்தினார். "இன்னாமே, இன்னும் வச்சினு கீறே? தூக்கிடு. அடுத்து இன்னா பேச வெப்பானுங்களோ!"

நேற்று பக்கத்து வீட்டு அக்கா, "உம் பொண்ணு குரலு வேற ஒண்ணுலயும் கீதும்மா" என்றார். எதில் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீடியோவை எடுத்தால் சாட்சி போய்விடும். விட்டுவைத்தால் அவள் குரல் அவர்களிடம் திறந்தே கிடக்கும். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.