வம்பு வரதனை எழுதியவர்

போன வாரம் வீட்டு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் கும்பகோணத்து அச்சகத்துக்குள் போய்விட்டேன். ஈய எழுத்துகளை அங்கே மண்ணெண்ணெய் ஊற்றித்தான் கழுவுவார்கள். சட்டை, தலைமுடி, மதியச் சோறு எல்லாவற்றிலும் அதே வாசனை. பெண் பார்க்கப் போன வீட்டில், மாப்பிள்ளைக்கு ரேஷன் கடையில் வேலையா என்று விசாரித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அங்கே புரூஃப் பார்க்கும் வேலை. கல்யாணப் பத்திரிகை, கட்சிக் கூட்ட நோட்டீஸ், இவற்றுக்கு நடுவே அவ்வப்போது ஒரு மர்ம நாவல். அதன் நாயகன் நிருபர் வம்பு வரதன். கொலை நடந்த வீட்டில் போய்க் காபி கேட்பான். காபி நன்றாக இருந்தால் கொலைகாரன் சமையல்காரன் இல்லை என்பான். புரூஃப் பார்க்கும்போது சிரித்துச் சிரித்தே நான் தப்புகளை விட்டுவிடுவேன். ஒரு முறை 'பிணம் கிடந்தது' என்பது 'பணம் கிடந்தது' என்று அச்சாகி, முதலாளி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

வரதன் நாவல்களை எழுதிய தங்கராசு அண்ணனோ சிரித்து நான் பார்த்ததில்லை. நிஜத்திலும் அவர் ஒரு நாளிதழின் நிருபர். சைக்கிளில் ஊர் ஊராகப் போய், குத்தகைத் தகராறு, கூலித் தகராறு என்று செய்தி சேகரிப்பார். அறுபத்தேழில் புதிய ஆட்சி வந்து ஊரெல்லாம் கொடி பறந்த காலம். வயலில் மட்டும் பழைய கணக்கு அப்படியே இருந்தது.

மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அறுவடைக் கூலி கேட்டுச் சண்டை வந்தது. களத்தில் இருந்த நெல் ஒரு மாலையில் திருடு போனதாக மிராசுதார் புகார் கொடுத்தார். கூலி கேட்டவர்களுக்கு முன்னால் நின்ற, அவருடைய குத்தகைக்காரர் கோவிந்தனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அந்த மாலை முழுக்கக் கோவிந்தன் மன்னார்குடி டீக்கடையில் உட்கார்ந்து தங்கராசு அண்ணனுக்குத்தான் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அதை எழுதி அனுப்பினார். பத்திரிகையில் வந்தது, திருட்டு வழக்கில் ஒருவர் கைது என்பது மட்டும்.

அந்தக் கோபத்தை அவர் வரதனிடம் கொடுத்தார். அடுத்த நாவலில் ஒரு மிராசுதார், தன் நெல் காணாமல் போய்விட்டதாகப் புலம்புவார். "அறுத்தவங்களுக்குக் கூலி குடுக்கலைன்னதும் நெல்லு வெக்கப்பட்டு ஒளிஞ்சிருக்கும்ங்க" என்பான் வரதன். நெல் அவர் வீட்டுக் குதிரிலேயே அகப்படும். திருடன் என்று பிடிபட்ட குத்தகைக்காரர் விடுதலையாவார். டீக்கடைகளில் ஒருவர் படிக்க, சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரு நாள் அச்சகத்துக்கு ஓர் அம்மா வந்தார். கோவிந்தனின் மனைவி அஞ்சம்மாள். அண்ணன் என் மேசைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

"எங்க கதைய எழுதியிருக்கீங்களாமே. அதுல அவரு வெளிய வந்துர்றாருன்னு சொன்னாங்க."

"ஆமாம்மா."

"நெசத்துல எப்பங்க வருவாரு?"

அண்ணன், தான் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்வதாகச் சொன்னார். பத்திரிகையில் போகக் கூடாது என்றார்கள். போனார், வேலை போயிற்று.

தஞ்சாவூர்க் கோர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். நடந்ததை அண்ணன் நிதானமாகச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, பையிலிருந்து நாவலை எடுத்து, நெல் வெட்கப்பட்ட பக்கத்தை உரக்கப் படித்தார். கோர்ட்டே சிரித்தது.

"இத எழுதுனது நீங்கதானே?"

"ஆமாங்க."

"இதுவும் கதை. இப்ப சொன்னதும் கதை. அப்படித்தானே?"

இல்லை என்று அண்ணன் சொன்னது அந்தச் சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை. அஞ்சம்மாள் மட்டும் சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கோவிந்தனுக்குச் சிறைத் தண்டனை ஆயிற்று.

அதற்குப் பிறகு அண்ணன் வரதனைத் தொடவில்லை. கோவிந்தன் ஜெயிலில் இருக்கும்போதே குத்தகை நிலத்தைப் பிடுங்கிவிடப் பார்த்தார் மிராசுதார். குத்தகையைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்த நேரம்; பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு லேசில் வெளியேற்ற முடியாது. அண்ணன் அஞ்சம்மாளோடு தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்து, மனு எழுதி, சாட்சிகளைக் கூட்டி வந்து, கோவிந்தன் பெயரைக் குத்தகைப் பதிவில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார். கோவிந்தன் விடுதலையாகி வந்தபோது அவருடைய வயலில் நாற்று நின்றது. பிறகு மற்ற ஊர்க்காரர்களும் அண்ணனைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

ஏன் வரதனை விட்டுவிட்டீர்கள் என்று முதலாளிக்காக ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"கடைசிப் பக்கத்துல ஜெயில் கதவ தெறக்கணும் தம்பி. எனக்குக் கை வரல."

அண்ணன் இறந்தபோது அஞ்சம்மாளும் கோவிந்தனும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். பின்னால் ஊர் ஊராக ஆட்கள். எங்களுக்காக மனு எழுதிக் கொடுத்தவர், கோர்ட்டுக்கு வந்தவர் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அச்சகம் பிறகு செல்போன் கடை ஆயிற்று. பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பார்த்துவிட்டேன். வரதன் ஒரு பிரதிகூட இல்லை. மனு எழுதியவரை அந்தப் பக்கத்தில் இன்னும் பேசுகிறார்கள். ஒரு டீக்கடையையே சிரிக்க வைத்தவர் ஒருவர் இருந்தார் என்பதைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. சொல்லலாம் என்று பார்த்தால், அவர் எழுதிய சிரிப்பில் பாதி எனக்கே மறந்துவிட்டது.