பெற்றோர் கண்டிக்கவும்

அந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க வேட்டைக்கெல்லாம் போவீங்களா?" என்றார். கேட்டது யாரிடம்? விடிந்தால் மாட்டுத்தாவணியில் காய்கறி மூட்டை ஏற்றி, மதுரை முழுக்க லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒரு மனிதரிடம். அவர் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு, "மார்க்கெட்டுக்குத்தேன் சார் போறேன்" என்றார். அதிகாரி சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. அந்த லோடு ஆட்டோக்காரரின் மூத்த மகள் ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவர்கள் பழங்குடியினர். அதற்கான சாதிச் சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிடும். இல்லையென்றால் வீட்டோடுதான். அவர்கள் தெருவில் அவளுக்கு முன்னால் பிளஸ் டூ முடித்த மூன்று பெண்களுக்குச் சான்றிதழ் வரவில்லை. மூவருக்கும் கல்யாணமாகிவிட்டது. இவளுக்கும் மாப்பிள்ளை பார்த்துவைத்திருந்தார்கள். (அவர்கள் இனத்தின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பெண் நிம்மதியாக இருக்கட்டும்.)

சான்றிதழ் விசாரணைக்கு வரச்சொல்லிக் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததும் அவளுடைய அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "நீங்க கூட வந்தா கொஞ்சம் மரியாதையாப் பேசுவாங்க டீச்சர். எங்கள மட்டும் பாத்தா வாடி போடிதேன்." அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தல்லாகுளம் பஸ் ஏறினேன். அன்றைக்கு நான் போன வேகத்தைப் பார்த்திருந்தால் நான்தான் ஏதோ விசாரணை நடத்தப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள்.

கேள்விகள் தொடர்ந்தன. உங்களுக்கு என்ன சாமி? கிடா வெட்டுவீங்களா? கல்யாணத்தில் தாலி உண்டா? செத்தால் எரிப்பீர்களா, புதைப்பீர்களா? பாட்டு, ஆட்டம் ஏதாவது தெரியுமா? லோடு ஆட்டோக்காரர் பதில் சொல்லச் சொல்ல அதிகாரி ஒரு தாளில் டிக் அடித்துக்கொண்டே போனார். நடுவில், "மெத்தை வீடு, ஆளுக்கொரு செல்போன். மலையே மிதிச்சதில்ல. என்னப்பா பழங்குடி நீ?" என்றார். பழங்குடி என்றால் இலையைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்று யார் இவருக்குச் சொல்லிக்கொடுத்தது என்று மனசுக்குள் பொருமினேன். யார் சொல்லிக்கொடுத்தது? நாங்கள்தான். இந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் "பழங்குடி நடனம்" என்று ஒன்று போட்டோம். எட்டுப் பிள்ளைகளுக்கு மாவிலையைக் கோத்துக் கட்டி, முகத்தில் கரியைப் பூசி, "ஊ ஊ" என்று கத்தவிட்டோம். நிஜமான பழங்குடிப் பெண் கீழே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

"சரி, பொண்ணு பேசட்டும்" என்றார் அதிகாரி. அவள் எழுந்து நின்றாள். "ஐயா, எங்கள் குலதெய்வ வழிபாட்டை ஆண்டுதோறும் உறவினர்கள் அனைவரும் ஒன்றுகூடி நடத்துவோம்" என்று ஆரம்பித்து, மேடையில் பேசுவதுபோல நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ழகரம் அத்தனை சுத்தம். நான் பழக்கிய ழகரம். எனக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அடேயப்பா! என் மக இம்புட்டு சுத்தமாப் பேச மாட்டா." ஃபைலைப் புரட்டினார். மேலாகவே இருந்தது, அவள் அப்பா ஆசையாக லேமினேஷன் போட்டு வைத்திருந்த பேச்சுப் போட்டிச் சான்றிதழ். முதல் பரிசு. அதைத் தூக்கிக் காட்டினார். "தமிழ்ல முதல் பரிசு. சேர்க்கைப் படிவம், மாற்றுச் சான்றிதழ், எதை எடுத்தாலும் தாய்மொழி தமிழ்னு போட்டிருக்கு. தனி பாஷை உள்ள இனம்னு சொல்றீங்க. எங்கம்மா அந்தப் பாஷை?"

சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்ற கட்டத்தை எந்தப் பெற்றோரும் நிரப்புவதில்லை. நாங்கள்தான் நிரப்புகிறோம். ஒரு நாளைக்கு அறுபது எழுபது படிவம். பெயர், பிறந்த தேதி, தாய்மொழி தமிழ், அடுத்த ஆள் வா. வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று ஒருவரிடமாவது கேட்டிருக்கிறோமா? ஒருவரிடமும் கேட்டதில்லை.

"சரி, உங்க பாஷையில நாலு வார்த்தை பேசு, கேப்போம்."

அவள் வாயைத் திறந்தாள். திறந்தவள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். வகுப்பில் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்கும் பிள்ளை பார்க்குமே, அந்தப் பார்வை. எனக்குப் புரியவில்லை. பேசு என்று தலையை ஆட்டினேன். இரண்டு வாக்கியம் சொன்னாள். அதற்குள் மூன்று இடத்தில் திக்கினாள், பாதியில் தமிழுக்கு வந்துவிட்டாள். அவளுடைய அம்மா முகம் செத்துப்போனது.

"வீட்டுல பேசுற பாஷை இப்படியாம்மா திக்கும்?" என்றார் அதிகாரி.

அவ்வளவுதான், எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "சார், பன்னெண்டு வருசம் பள்ளிக்கூடத்துல தமிழை மட்டும் கேட்டு வளந்த புள்ள திக்காம என்ன செய்யும்? அவ பாஷைய நீங்க பாடப்புத்தகத்துல வச்சீங்களா, பள்ளிக்கூடத்துல பேசத்தான் விட்டீங்களா? எல்லாத்தையும் புடுங்கி வச்சுக்கிட்டு இப்ப எடுத்துக் காட்டுன்னா எங்க போவா?" அறையே திரும்பிப் பார்த்தது. பேசி முடித்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் கோபப்படவில்லை. "டீச்சர், நீங்க சொல்றது நியாயம். ஆனா நியாயத்த வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. ஏதாவது ஒரு அரசாங்கப் பேப்பர்ல, இவங்க வேற பாஷை பேசுறவங்கன்னு ஒரு வரி இருந்தாக் குடுங்க" என்றார்.

அவள் அப்பா கையில் ஒரு ஜவுளிக்கடைக் கவர் இருந்தது. இந்த மக்கள் ஒரு துண்டுத் தாளைக்கூடத் தூக்கிப் போட மாட்டார்கள். எந்த ஆபீசில் எந்தத் தாளைக் கேட்பார்களோ, யார் கண்டது? தடுப்பூசி அட்டை, பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில், எல்லாம் அதற்குள் கிடக்கும். அவர் தேடித் தேடிக் கடைசியில் நாலாக மடித்த கோடுபோட்ட தாள் ஒன்றை எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை. பெண்டாட்டியைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். மகளும், "வேணாம்ப்பா" என்றாள். அதிகாரி எட்டி வாங்கிக்கொண்டார்.

சத்தமாகவே படித்தார். "தங்கள் மகள் வகுப்பறையில் தன் வீட்டு மொழியில் பேசுகிறாள். பலமுறை எச்சரித்தும் திருந்தவில்லை. பெற்றோர் கண்டிக்கவும்." கீழே வகுப்பாசிரியர் கையெழுத்து, தலைமையாசிரியை கையெழுத்து, பள்ளியின் வட்ட முத்திரை. அதற்கும் கீழே கோணல் மாணலாக ஒரு வார்த்தை: "கண்டித்தேன்." லோடு ஆட்டோக்காரரின் கையெழுத்து.

"வகுப்பாசிரியர்னு போட்டிருக்கே, இது யாரு கையெழுத்து?"

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகத் தங்கள் மகளின் படிப்பையே விடத் தயாராக நின்றார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது.

"என்னோடது" என்றேன்.

அவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது எழுதியது. சுத்தமாக மறந்துவிட்டேன். அவளும் அவள் சித்தி மகளும் ஒரே பெஞ்சு. இரண்டும் குசுகுசுவென்று அவர்கள் மொழியில் பேசிச் சிரிக்கும். எனக்குப் புரியாது. புரியாதது எனக்குப் பிடிக்கவில்லை, விஷயம் அவ்வளவுதான். அதற்கு நான் வைத்த பெயர், பிள்ளைக்குத் தமிழ் நன்றாக வரட்டும் என்ற அக்கறை. அதே வகுப்பில் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற பிள்ளைகள் இருந்தார்கள், உருது பேசுகிற பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் மறுநாளே அப்பா வந்து, ஏன் டீச்சர் என்று கேட்பார். இவர்கள் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் சோறு இறங்காது. அதே வருடம் என் சொந்த மகள் கே.கே. நகரில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் படித்தாள். அவள் டைரியில், வளாகத்தில் தமிழில் பேசுகிறாள், வீட்டில் கண்டிக்கவும் என்று எழுதி அனுப்பினார்கள். நான் நேரே பிரின்சிபால் அறைக்குப் போய், தமிழ்நாட்டில் தமிழ் பேசினால் குற்றமா என்று மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு, அந்த வாரமே டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கதையை ஸ்டாஃப் ரூமில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் மேஜையைத் தட்டிக் காட்டுவேன். சொல்லிவிட்டு மணியடித்ததும் வகுப்புக்குப் போய், மூன்றாவது பெஞ்சில் என்ன பேச்சு என்று அதட்டுவேன். அட கொடுமையே!

அதிகாரிக்குச் சந்தோஷம். "இதத்தான் தேடிக்கிட்டிருந்தேன் டீச்சர். பள்ளி முத்திரையோட இருக்கு. இது என் கையெழுத்துதான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க." எழுதினேன். 'இம்மாணவி தன் இன மொழியைப் பேசியதற்காக என்னால் கண்டிக்கப்பட்டவர் என்று சான்றளிக்கிறேன்.' பிழையில்லாமல்தான் எழுதினேன்.

சான்றிதழ் வந்தது. இரண்டாம் சுற்றுக் கலந்தாய்வில் திருநெல்வேலிப் பக்கம் அவளுக்கு இடம் கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம்.

அதற்கடுத்த மாதம் எங்களுக்கு நாகமலை புதுக்கோட்டையில் இரண்டு நாள் பயிற்சி. குழந்தையின் வீட்டு மொழியையும் மரபறிவையும் வகுப்பறைக்குள் அழைத்து வருவோம் என்று திரையில் பெரிய எழுத்தில் போட்டார்கள். ஆளுக்கொரு கலர் ஃபைல், பிஸ்கட், டீ. உங்கள் வகுப்பில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதினார். நான் எழுந்து, "அழைத்து வருவோம்ங்கிறீங்களே, அது தானா வந்து பெஞ்சுல உக்காந்திருந்துச்சு, அடிச்சு வெளிய தொரத்துனது யாருன்னு எதுலயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டேன். நல்ல கேள்வி, குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

போன மாதம் அந்த அம்மா மறுபடி வந்தார். வேலைக்குப் போகிற வழியில், கையில் அரைக்கிலோ லட்டு. கூடவே இளைய மகள். அவள் இந்த வருடம் என் வகுப்புக்கு வந்திருக்கிறாள், ஏழாம் வகுப்பு. எனக்கு அந்த அம்மா முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"அய்யய்யோ, அப்பிடிச் சொல்லாதீங்க டீச்சர். நீங்க அன்னைக்கு அந்தத் தாள எழுதலேன்னா எம்மக இன்னைக்கு நர்ஸ் காலேஜுல இருப்பாளா? நீங்க நல்லா இருக்கணும்." அதைக் கேலியாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார். கேலியாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிறகு இடுப்பில் இருந்து ஒரு பேனாவையும் புதுசாக வாங்கிய கோடுபோட்ட தாள் ஒன்றையும் எடுத்தார். "இவளுக்கும் அதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க டீச்சர். சீலு வச்சு. இவளும் பிளஸ் டூ முடிக்கிறப்பக் கேப்பாங்கல்ல."

நான் பேனாவை வாங்கவில்லை. குனிந்து சின்னவளிடம், "எங்க, உங்க பாஷையில டீச்சர்கிட்ட ஏதாவது சொல்லு பாப்போம்" என்றேன்.

அவள் நெளிந்தாள். "எனக்கு வராது டீச்சர்."

"ஏன், வீட்டுல பேச மாட்டாங்களா?"

"அப்பாவும் அம்மாவும் அவங்களுக்குள்ள பேசிக்கிருவாங்க. எங்கிட்டத் தமிழ்லதேன் பேசுவாங்க. நான் பள்ளிக்கூடத்துல வாய் தவறிப் பேசிட்டா நீங்க திட்டுவீங்கன்னு, எங்கிட்ட அதப் பேசவே கூடாதுன்னு நான் ஒண்ணாப்பு சேந்தப்பவே அக்கா சொல்லிருச்சு."

அவள் அம்மா பேனாவை நீட்டியபடியே நின்றார். "பரவால்ல டீச்சர்" என்றார். "பேசுதுன்னே எழுதுங்க."