எழுபத்தொன்பது இருமல்

ஆகஸ்ட் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். மேகமூட்டம், தூறல் இல்லை. பராமரிப்புப் பணிக்காக ஆரணியில் மின்சாரம் நின்ற அந்த நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்குச் சளிக்காய்ச்சல் வந்து அன்று பதினோராம் நாள். காய்ச்சல் நான்காம் நாளே விட்டுவிட்டது, இருமல் விடவில்லை. அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்து, ஒவ்வோர் இருமலுக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டுவந்தேன். முதல் நாள் எண்பத்து நான்கு. பத்தாம் நாள் முப்பத்து மூன்று. அந்தச் செவ்வாயன்று மாலை நான்கு மணிக்குள் எழுபத்தொன்பது!

இருபத்திரண்டாம் தேதி செய்யாரில் அவளுக்கு நூறு மீட்டர் ஓட்டப்பந்தயம். அவள் பெயரை எடுத்துவிடச் சொல்லிப் பள்ளிக்குக் கடிதமே எழுதிவிட்டேன். வேலூருக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கலாம் என்றேன். அவள் அழுதுகொண்டே, "தாத்தா, நீ எண்ணிகினே இருக்கிறதாலதான் எனக்கு இருமலே வருது" என்றாள். மருமகள்தான் முதலில் நம்மூர் டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்று கிளப்பினாள்.

டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் கேட்டார். பிறகு என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"அய்யா, உங்க வீட்டுப் பக்கத்துல தறி ஓடுதா?"

ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறி, ஞாயிறுகூட ஓடும் என்றேன்.

"இன்னைக்குக் கரன்ட் இல்ல, தறி ஓடல. அதான் எல்லா இருமலும் காதுல உழுந்திருக்கு. மத்த நாள்ல பாதிக்கு மேல உங்களுக்குக் கேட்டிருக்காதுங்க."

நாற்பத்தாறு வருடம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்து, அப்படி ஒரு சத்தம் இருப்பதையே மறந்திருக்கிறேன். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, காய்ச்சல் போன பிறகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருமல் இரண்டு வாரம், சிலருக்கு மூன்று வாரம்கூட இழுக்கும் என்றார். காய்ச்சல் திரும்பினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே அழைத்துவர வேண்டும். மற்றபடி நாளையே பள்ளிக்குப் போகலாம், மெல்ல ஓடியும் பழகலாம்.

வாசலிலேயே, சட்டைப்பையில் இருந்த அந்தக் கடிதத்தைக் கிழித்தேன். நோட்டை மருமகள் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இருபத்திரண்டாம் தேதி, காய்ச்சல் வந்த இருபத்தோராம் நாள், செய்யார் மைதானத்தில் ஒன்பது பேர் ஓடினார்கள். என் பேத்தி இரண்டாவதாக வந்தாள்! கோட்டைத் தாண்டியதும் இரண்டே முறை இருமினாள். எண்ணினேன், யாரிடமும் சொல்லவில்லை. கத்திய கத்தலில் மறுநாள் எனக்குக் குரலே எழும்பவில்லை. எத்தனை நாளில் சரியாகும் என்று டாக்டரம்மாவிடம் எழுதிக் காட்டினேன்.

"கத்துன தொண்டைக்கு மூணு வாரம்லாம் ஆகாதுங்க அய்யா. ரெண்டு நாளு வாய மூடிகினு இருங்க, போதும்."

என் தொண்டைக்கு ஃபீஸ் இருநூறு, மாத்திரை நாற்பத்திரண்டு, தேன் நூற்றுப்பத்து: ஆக முந்நூற்று ஐம்பத்திரண்டு ரூபாய்.