கடவு இல்லாத வேலி

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் ஊர் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் மாவட்டத்துக்குப் போனது. ஊர் என்னவோ இருந்த இடத்திலேயேதான் இருந்தது. மல்லசமுத்திரம் பஸ் அதே நேரத்துக்கு வந்தது. டீச்சர் மட்டும் எல்லோரையும் முகவரியில் பழைய மாவட்டத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதச் சொன்னார். எல்லையை மாற்றுவதென்றால் ரப்பரை எடுப்பது போன்ற காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்தின் இரண்டு பக்கமும் எல்லை மாறியது.

எங்கள் பக்கம் தோட்டத்துக்கு உயிர்வேலிதான். கிளுவைக் குச்சிகளை வெட்டி வரிசையாக ஊன்றினால் மழைக்குத் துளிர்த்துக்கொள்ளும். ஆள் போய்வர அதில் விடும் சந்துக்குக் கடவு என்று பேர். புதுவேலி போடும்போது பக்கத்துத் தோட்டக்காரர் வந்து, கடவு வர வேண்டிய இடத்தில் தன் கையால் ஒரு குச்சி ஊன்றிக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் கடவு விடுவார்கள்.

கிழக்குத் தோட்டக்காரர் எங்களுக்கு உறவில்லை. டிராக்டர் உள்ளே வர வழி வேண்டும் என்று அப்பா போய்க் கேட்டார். அவர் வந்தார். தன் நிலத்தில் ஒரு வண்டி அகலம் எங்கள் பக்கம் சேர்வதைப் பார்த்தபடியே குச்சியை ஊன்றிவிட்டு டீ குடித்தார். “வழி உங்குளுதா இருந்தா என்னங்க, எங்க மாடும் அதுலதான போகோணும்” என்று சிரித்தார். நிலத்தை இழந்தவர் அவர்தான்.

மேற்கே சித்தப்பாவின் தோட்டம். பாகம் பிரித்தபோது நடுவில் போட்ட வேலி ஓரிடத்தில் வயிறு போல அவர் பக்கம் புடைத்திருக்கும். அந்த வளைவுக்குள் இருந்த நிலம் எங்களுடையது. டிராக்டர் அதில் திரும்ப முடியாமல் திணறியதால் அப்பா வேலியை நேராக்க முடிவு செய்தார். வளைவு மொத்தமும் சித்தப்பாவுக்குப் போய்விடும். தம்பிக்குத்தானே போகிறது என்றார் அப்பா.

சித்தப்பா அப்போது போர்வெல் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். வாரம் ஒருமுறை மல்லசமுத்திரத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசுவார். சித்தி கைக்குழந்தையோடு போய்க் காத்திருந்து பேசிவிட்டு வருவார். அப்பாவும் ஒருமுறை போயிருக்கலாம். கொடுப்பதற்கு எதற்குக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

பழைய வேலியைப் பிடுங்கிப் புதுவேலி நட்டார்கள். நேராக, அழகாக இருந்தது. சித்தி தினமும் எங்கள் வீட்டுக்கு வந்துபோன கடவு மட்டும் அதில் இல்லை.

மறுநாள் காலையில் சித்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புதுக்குச்சிகளுக்கு அந்தப் பக்கம் நின்றார். “ஏனுங்கக்கா, நான் எப்படி வாரது?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. இப்போதைக்கு ரோட்டைச் சுற்றி வந்துவிடச் சொன்னார். சித்தி ஒரு நாள் சேற்றில் சுற்றி வந்தார். அதன் பிறகு வரவில்லை.

பூத்தில் சித்தி என்ன சொன்னாரோ, சித்தப்பா சீசன் முடியும் முன்பே ஊருக்கு வந்துவிட்டார். பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக வேலிக்குப் போய், துளிர் விட்டிருந்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எங்கள் பக்கம் எறிந்தார். அப்பா ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

“ஏனுங்கண்ணா, நான் செத்துப்போயிட்டனுங்களா?” என்றார் சித்தப்பா. எத்தனை கோபத்திலும் அவருக்கு அந்த ‘ங்க’ விட்டுப்போகவில்லை.

“உனக்குத்தான்டா சேத்தி உட்டிருக்கறன். வேணும்னா அளந்து பாரு.”

“அளக்கறதுக்கு வரலீங்க. எம்பட ஊட்டுக்காரியக் கொழந்தையோட ரோட்டுல உட்டுட்டீங்களே, அதக் கேக்க வந்தனுங்க.”

அப்பா சித்தப்பாவின் தோளைப் பிடித்துத் தள்ளினார். கீழே விழுந்தவரின் புருவத்தைக் கிளுவை முனை கிழித்தது. தையல் போட வேண்டியிருந்தது. கூட்டுக்கிணற்றில் தண்ணீர் முறை தகராறானது. இவர் முறையில் அவர் மோட்டார் ஃபியூஸைப் பிடுங்குவதும் அவர் முறையில் இவர் பிடுங்குவதுமாக இரண்டு பக்கமும் கடலைச் செடி வாடியது.

காயம் ஆறியதும் சித்தப்பா ஆள் வைத்து வேலியைத் திரும்ப நட்டார். பழைய வளைவு அப்படியே. கிடைத்த நிலத்தை எங்களுக்கே விட்டுவிட்டார். கடவும் பழைய இடத்தில் வந்தது. இத்தனைக்கும் பிறகு அந்தப் பக்கத்து எல்லை ஒரு சாண்கூட நகரவில்லை.

போன மாதம் என் மகள் சமூக அறிவியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, எல்லை மாறினால் சில நாடுகள் சண்டை போடுகின்றன, சில நாடுகள் பேசாமல் இருக்கின்றன, ஏம்மா என்று கேட்டாள். நிலத்தை இழக்கிறவர்கள் சண்டை போடுவார்கள் என்று சொல்லிவிட்டேன். பரீட்சைக்கு அது போதும். ஆனால் பாத்திரம் கழுவும்போதே சொன்னது தப்போ என்று உறுத்தியது. போனில் தேடினால் காரணங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் சரியாகத்தான் இருந்தன. எதுவும் எங்கள் வேலிக்குப் பொருந்தவில்லை.

அம்மாவை அழைத்துக் கேட்டேன். அப்பா கடவை வேண்டாமென்று அடைக்கவில்லை என்றார் அம்மா. கடவு சித்தப்பா கை வைக்க வேண்டிய இடம். அவர் வந்து குச்சி ஊன்றட்டும் என்று, முறை தவறக்கூடாதென்று, அதுவரை கடவு விடாமல் வைத்திருக்கிறார். அதைச் சித்தியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் தம்பி மனைவியிடம் அண்ணன் நேராகப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை, அம்மாவுக்கே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்ததாம். சண்டையன்று அந்த ஒன்றைச் சொல்லாமல் அளந்து பாரு என்றாரே என்றேன். செய்ததற்குக் கணக்குச் சொல்வது அவருக்குப் பிடிக்காது என்றார் அம்மா. சொல்லியிருந்தால் மட்டும் சித்தப்பா கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. மகளிடம் இதையெல்லாம் சொல்வதா வேண்டாமா என்றும் இன்னும் முடிவு செய்யவில்லை.

வேலி பழையபடி வந்த வாரம், அப்பா சந்தைக்குப் போன நேரத்தில், அம்மா தூக்குப்போசியில் கறிக்குழம்பு ஊற்றி, சித்தியிடம் கொடுத்துவிட்டு வா என்றார். நான் கடவு வழியாக ஓடினேன். கடவு திறந்தாகிவிட்டது, இனிமேல் தினமும் பாப்பாவோடு விளையாடலாம் என்று எனக்கு ஒரே குஷி. சித்தி போசியை வாங்கி உள்ளே போனார். குழம்பை வேறு பாத்திரத்தில் ஊற்றும் சத்தம் கேட்டது. பாப்பாவைத் தூக்கலாமா என்றேன். தூங்குகிறாள் என்றார்.

எங்கள் பக்கம் போசியை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். சித்தி அதைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, மூடிக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் அம்மா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மறுபடியும் மூடினார். போகும்போது கனத்த போசி வரும்போது கனக்கவில்லை என்று நான் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.