றோசலின் போட்ட மாலை

தேர்தல் வந்துவிட்டால் தலையாட்டுவதே றோசலினுக்கு வேலை. இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அவளிடம் எந்தக் கட்சிக்காரர் வந்து நின்றாலும், "சரிங்க, ஒங்களுக்குத்தாங்க" என்பாள். நோட்டீஸ் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். அடுத்த கட்சிக்காரர் வருமுன் அது அடுப்புக்குள் போயிருக்கும். கூட்டத்தில் கைதட்டுவதற்குக்கூட ஒரு முறை வைத்திருந்தாள்: பக்கத்தில் நிற்பவள் தட்டினால் தட்டு, நிறுத்தினால் நிறுத்து.

காரணம் இல்லாமல் இல்லை. அவளுடைய அப்பா சின்னத்தம்பி, தொழிற்சங்கத்துப் பெரியவர் ஒருவரை நாலு பேர் முன்னால் கேள்வி கேட்டவர். அதற்குப் பிறகு எந்த உதவியும் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "வாயத் தொறந்தா கூரை ஒழுகும்" என்று சொல்லிச் சொல்லியே அம்மா அவளை வளர்த்தாள். வாயை மூடிக்கொண்டும் கூரை ஒழுகியது வேறு கதை. இப்போது அந்த ஒழுகலுக்குக் கீழேதான் மகள் ஷாமிலாவின் படிப்பும் படுக்கையும்.

இந்தப் பிரதேச சபைத் தேர்தலில், சங்கத்தின் தோட்டத் தலைவர் பொன்னையா அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நம்ம வேட்பாளரு றிச்சர்ட் தம்பி ஞாயித்துக்கெழம வர்றாரு. மாலை போடுறது நீதான். ஒன்னால யாருக்கும் பொல்லாப்பு வராது. ஒன் கூரைத் தகரம் என் பொறுப்பு. வெளிய மூச்சு விட்டுறாத."

"சரிங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை மூடுபனி. லயத்து வீட்டு வரிசைக்குத் திரும்பும் பாதை முடக்கில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு கூடிவிட்டார்கள். பனிக்குள் ஒரு வான் வண்டியின் விளக்கு தெரிந்ததுதான் தாமதம், மேளக்கார மூக்கன் தப்பை முழக்கினான். வான் நின்றது, கதவு திறந்தது. றோசலின் பாய்ந்துபோய் மாலையைப் போட்டாள், தட்டைச் சுற்றினாள், பொட்டு வைக்கக் கையை நீட்டினாள். நெற்றியைத் தொட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

அனோஜா! தோட்டத்தின் கீழ்ப் பிரிவுப் பெண், சுயேச்சை வேட்பாளர். எல்லாருக்கும் தெரிந்த பிள்ளை. ஆனால் சங்கத்துக்குப் பயந்து, வரவேற்க யாருக்கும் துணிவு வராத பிள்ளை.

"எனக்கா அக்கா?" என்றாள் அனோஜா. கண் கலங்கியிருந்தது.

பின்னால் ஹோர்ன் அடித்தது. றிச்சர்ட்டின் வான். பொன்னையா ஓடிவந்தார்.

"என்ன காரியம் பண்ணின? கழட்டு! கழட்டி இங்க கொண்டா!"

அனோஜாவே மாலையில் கைவைத்தாள். "குடுத்துடுறேன்க்கா. என்னால ஒங்களுக்குப் பிரச்சினை வேணாம்."

அவள் முறைத்திருந்தால் றோசலின் கழற்றியிருப்பாள். ஆனால் அந்தக் குரலில் இருந்தது றோசலினுக்கு நன்றாகப் பழகிய பயம். சரிங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், வந்தது வேறு.

"பொட்டு வச்ச புள்ள கழுத்துலேர்ந்து எப்புடிங்க மாலைய உருவுறது?"

பொன்னையாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப தகரம் வேணாமா ஒனக்கு?"

தப்புச் சத்தம் நின்றது.

"எந்தத் தகரம்?" என்றாள் பக்கத்து வீட்டு வினோதா. "எனக்குன்னு வச்சிருக்கதா சொன்னீங்களே, அதா?"

"அடியே, அது எனக்குடி!" என்றாள் கடைசி வீட்டுக்காரி. "வெளிய மூச்சு விடாதன்னாரே!"

மூக்கன் தப்பை இடுப்புக்கு இறக்கினான். "எனக்கும் அதேதான் சொன்னீங்க தலைவரே. ஒரு கட்டுத் தகரத்துல எத்தன வீட்டுக்குத்தான் கூரை போடுவீங்க?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் முடக்கு முழுக்கச் சிரிப்பு. ஒவ்வொருத்தியாகக் கையைத் தூக்கி "எனக்கும்!", "எனக்கும்!" என்றார்கள். எல்லார் வாயையும் அடைத்து வைத்திருந்தது ஒரே தகரம்! பொன்னையா வானுக்குப் பின்னால் நகர்ந்தார்.

றிச்சர்ட் இறங்கி வந்து, சிரித்தபடியே கேட்டார்: "என்னக்கா, அப்ப நீங்க நம்ம பக்கம் இல்லையா?"

றோசலின் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தாள். தகரம் போயே போய்விட்டது, இனி வராது என்று தெரிந்தது. ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

"அத இப்ப சொல்ல மாட்டேங்க தம்பி. எங்க கூரைகளுக்கு என்ன செய்வீங்கன்னு நீங்க சொல்லுங்க. இந்தப் புள்ளையும் சொல்லட்டும். இங்கனயே, எல்லாரும் கேக்க. இனிமே யாரும் யாரையும் தனியா கூப்புட்டுச் சொல்ல வேணாம்."

"ஆமா! அதான் சரி!" பெண்கள் நெருங்கி வந்து வட்டம் போட்டார்கள். றிச்சர்ட் பொன்னையாவைத் தேடினார். ஆள் கண்ணில் படவில்லை. அனோஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, கீழே பார்த்தபடி ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினாள்.

"சத்தமா பேசு தங்கச்சி" என்றாள் றோசலின். "பின்னுக்கு நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."